தூக்காமல் விட்ட கை

கேசட்டில் பேசிய ஆளை எங்கள் வீட்டில் முதலில் திட்டியது நான்தான். இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தேர்வு முடிவு வந்த அன்று ஏழு குடித்தனமும் முற்றத்தில் கூடி நின்றது. நான் தையல் மெஷினை விட்டு எழுந்து, "அந்தக் கேசட்ல பேசினவன் நாக்குல கொப்புளம் வர!" என்று கத்தினேன். குழாயடிக் கல்லில் பா கோபினா எசில்ஃபி உட்கார்ந்து, வாழையிலையில் கட்டிய சோளமாவுக் கென்கேயைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிரித்த இலையை மறுபடியும் மூடி, மீனையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

கேசட்டில் பேசியவர் அவர்தான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது, அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

கேப் கோஸ்டில் கொட்டோகுராபா சந்தைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் வீடு. ஏழு அறை, ஒரு குழாய், ஒரு முற்றம். ஒருவர் தும்மினால் ஆறு பேர் வாழ்த்துச் சொல்கிற இடம். அங்கே பதினோரு வருஷம் ஒரு மனிதர் ரகசியம் காத்தார் என்றால் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்து மொழிக்கூடத்தில் ஒலிப்பதிவு மெஷின்களைத் துடைத்துப் பழுது பார்ப்பது அவர் வேலை. எங்களுக்கு அவர் வெறும் மெஷின்காரர். ரேடியோ கரகரத்தால் அவரிடம் கொண்டு போவோம். எங்களோடு எங்கள் ஃபான்டி மொழியில்தான் பேசுவார். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டி வந்தால் மீன்பிடித் துறைமுகத்தில் பேசுகிற மாதிரி கொச்சையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உட்கார்ந்திருக்கும்போது வலது கை விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு தட்டு அழுத்தமாக, அடுத்தது லேசாக. நரம்புக் கோளாறு என்று நினைத்து நான் ஒரு வேர் அரைத்துக் கொடுத்தேன். குடித்தும் வைத்தார், பாவம்.

அது கோளாறு இல்லை, கணக்கு. இருபது வருஷம் மெஷின்களைச் சோதிப்பதற்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் பதிந்து வைத்த ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு, எந்தச் சொல் எங்கே உடையும், உடைந்த துண்டுகளில் எது கனம் என்பது அவர் விரலுக்குள் இறங்கிவிட்டது. ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்து அதேபோல் பேசிப் பார்த்திருக்கிறார். வாசலில் நின்ற பேராசிரியர் கேட்டுவிட்டார். அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை அக்ராவுக்கு நான்கு நாள் பயணம். எங்களிடம் சொன்னது மெஷின் சர்வீஸ். உண்மையில் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கில உச்சரிப்புக்கு எல்லா ஊர்க் கூடங்களிலும் போடுகிற கேசட்டுக்குக் குரல் கொடுக்கப் போனார். பைபிளில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். குரல் யாருடையது என்று உயிர் போனாலும் சொல்லக்கூடாது. அவர் மனைவி எக்குபா சாகும்வரை, புருஷன் அக்ராவில் எண்ணெய்த் துணியோடு மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

இனி குக்குவாவைச் சொல்ல வேண்டும். பக்கத்து அறை அராபாவின் மகள். அராபா அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, கென்கே விற்று வளர்த்த ஒரே பெண். எங்கள் எல்லோருக்கும் செல்லம்தான். பா கோபினாவை மட்டும் அவள் 'வோஃபா' என்று கூப்பிடுவாள், தாய்மாமன் என்று. ரத்த உறவு கிடையாது, ஆனால் அவள் அப்பன் ஓடிப்போன வருஷம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர். நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஆங்கிலத்தில் தேற வேண்டும். அந்த ஆங்கிலத்தில்தான் பெண் கவிழ்ந்தாள். ஜனவரி வரை இடத்தை வைத்திருப்பதாகவும், நவம்பரில் மறுதேர்வு எழுதித் தேறாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் கடிதம் வந்தது.

அவள் கவிழ்ந்த காரணத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை ஒட்டி ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பார்கள். மழைக்கு ரெயின், மேலே போடுவது கோட், ஒட்டினால் ரெயின்கோட். ஹேண்ட்பேக், டூத்பிரஷ், நியூஸ்பேப்பர் எல்லாம் அந்த ஜாதி. எங்கள் பேச்சில் குரல் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். அவர்கள் பேச்சில் ஒரு துண்டின் மேல் உட்கார்ந்தே ஆக வேண்டும். இப்படி ஒட்டின பெயர் என்றால் முதல் துண்டின் மேல் முழு உடம்பையும் வைத்து உட்கார வேண்டும், இரண்டாவதில் முழங்கையை ஊன்றினால் போதும். ரெயின்கோட் இரண்டு தட்டு, முதல் தட்டு கனம். நியூஸ்பேப்பர் மூன்று தட்டு, அதிலும் முதல் தட்டுதான் கனம். இதெல்லாம் எனக்கு அவர் பிற்பாடு சொல்லிக் கொடுத்தது. அந்தத் தேர்வில் இப்படிப் பத்துச் சொற்களைக் கேசட் சொல்லும், எந்தத் துண்டு கனமாகக் கேட்கிறது என்று பிள்ளைகள் குறிக்க வேண்டும்.

அந்த வருஷக் கேசட்டில் பத்துமே தலைகீழாக இருந்தது.

அது நடந்த விதத்தை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நான்காவது நாள், வெள்ளிக்கிழமை மதியம். சத்தம் விழும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், சுவரெல்லாம் கம்பளி தொங்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் படிக்க வேண்டும். தப்பு வந்தால் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அதுவும் பதிந்துவிடும். கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இஞ்சினியர் மெஷினை நிறுத்துவார், பகுதி முழுவதும் முதலிலிருந்து ஆரம்பமாகும். இஞ்சினியருக்கு மெஷின் தெரியும், உச்சரிப்பு தெரியாது. கேள்வி எழுதின பேராசிரியர் வியாழக்கிழமையே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அந்த அறையில் தப்பைப் பிடிக்கக்கூடிய காது பா கோபினாவின் காது ஒன்றுதான்.

களைப்பு. சந்தையில் மீன்காரி வகை வகையாகக் கூவும்போது ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் குரலை ஏற்றுவாளே, அதே ராகத்தில் அவர் நாக்கு விழுந்துவிட்டது. ரெயின்-கோட், ஹேண்ட்-பேக், டூத்-பிரஷ் என்று கனமெல்லாம் பின் துண்டுக்குப் போய்விட்டது. பத்தாவது சொல்லைச் சொல்லி முடித்ததும் அவருக்கே காதில் உறைத்தது. கை தூக்க வேண்டும். தூக்கினால் ஒன்றரை மணி நேரம் கூடப் போகும், தக்கோராடிக்குக் கடைசி பஸ் போய்விடும். மறுநாள் விடியலில் அங்கே அவருடைய முதல் பேரனுக்கு எட்டாம் நாள் பெயர்சூட்டு. தாத்தா பெயரையே வைக்கிறார்கள், தாத்தாதான் வைக்க வேண்டும்.

"கை மடியிலேயே கெடந்துது எஃபுவா," என்று என்னிடம் சொன்னார். "யாரும் புடிச்சு வைக்கல. நானேதான் வச்சிருந்தேன்."

கேட்டுச் சரிபார்க்க வேண்டிய அதிகாரி முதல் இரண்டு பகுதியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். விடைத்தாள் திருத்தினவர்கள் சரியான விடை அச்சடித்த காகிதத்தைப் பார்த்துத் திருத்தினார்கள். கேசட்டைக் கேட்காமல் மனப்பாடமாக எழுதின பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண். காதைத் தீட்டிக் கேட்டு, கேட்டபடி எழுதின குக்குவாவுக்கு அந்தப் பகுதியில் சுழி, அந்த மதிப்பெண் போனதில்தான் ஆங்கிலமே போனது. ஊரிலேயே நல்ல காது உள்ள பெண்ணுக்கு அந்தக் காதே எதிரியாகிப் போனது.

அவரோ அந்தச் சனிக்கிழமை விடியலில் பேரனை மடியில் வைத்து, விரலால் அதன் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு" என்றார். அடுத்து ஒரு சொட்டு ஜின் வைத்து, "ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு" என்றார். எங்கள் வழக்கப்படி மூன்று தடவை. பொய் பேசாமல் வளர வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்கிற முதல் பாடம் அது.

முடிவு வந்த மறுவாரமே குக்குவா பள்ளிக்கூடத்தில் போய்க் கெஞ்சி, அந்த வருஷக் கேசட்டை நகல் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கேசட் தப்பாக இருக்காது, என் காதுதான் தப்பு. மறுதேர்வில் கேசட் கிடையாது, தனியாக எழுதுகிறவர்களுக்கு எல்லாம் காகிதத்தில். கனமான துண்டுக்கு அடியில் கோடு போட வேண்டும். அதனால் கேசட் சொல்வதை அப்படியே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று தினமும் சாயங்காலம் உட்கார்ந்துவிடுவாள். கேசட் "ரெயின்-கோட்" என்னும். குக்குவா அதே மாதிரி பின் துண்டில் ஏறி உட்கார்ந்து "ரெயின்-கோட்" என்பாள். நடுவில் ஒரு பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பா கோபினா தன் தப்பையே தன் குரலில் கேட்டுக்கொண்டு, பிறகு அதைக் குழந்தை வாயிலும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

சாப்பாடு குறைந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. நாங்கள் மலேரியா என்றோம். ஒருநாள் அவள் படிக்கிற இடத்துக்கு வந்து நின்றார்.

"குக்குவா, எனக்கென்னவோ முதல் துண்டைத்தான் அழுத்தணும்னு தோணுதும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "வோஃபா, இது கேசட். பெரிய படிப்பு படிச்சவரு பேசியிருக்காரு. நீங்க மெஷினுக்குள்ள வேணா கைய விடுங்க, இதுல விடாதீங்க."

நான் சும்மா இருந்தேனா? "ஆமாமா, ரேடியோ ரிப்பேர் பண்றவர் ராணிக்கே இங்கிலீஷ் சொல்லித் தருவாரு," என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னேன். முற்றமே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் நான் இப்போதும் சில நேரம் தைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குப்பிறகு கேசட் பிளேயர் சரியாகச் சுற்றவில்லை என்று வாங்கிப் போனவர், திருப்பிக் கொடுக்கும்போது கேசட்டில் ஒரு சத்தமும் இல்லை. காந்தத்தை வைத்து அழித்திருக்கிறார். அராபா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"மெஷின்காரரு, மெஷின்காரருன்னு பேரு! எம்பொண்ணு கேசட்டையே தின்னுட்டீங்களே! ஏன் இப்படிப் பண்றீங்க, அவ உங்களுக்கு என்ன பாவம் பண்ணினா?"

"கை தவறிப்போச்சு அராபா," என்றார்.

மறுநாளே குக்குவா வகுப்புத் தோழி ஒருத்தியிடம் வேறு நகல் வாங்கிவிட்டாள். மறுதேர்வு எழுதப் போகிற அத்தனை பேர் வீட்டிலும் அந்தக் கேசட் இருந்தது. எத்தனை காந்தத்தைத் தூக்கிக்கொண்டு அவர் எத்தனை வீட்டுக்கு ஓடுவார்?

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். அராபா இலையில் மாவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். குக்குவா கேசட் இல்லாமலே பத்தையும் வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். பத்தும் தலைகீழ். ஒன்றுகூடத் தடுமாறவில்லை. அராபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தத் தடவை எம்பொண்ணு பாஸ்தான்," என்றாள்.

"பாஸாகட்டும்," என்றேன் நான். "ஆனா முதல் தடவை இவளைக் கவுத்தானே அந்த ஆளு, புரியற மாதிரி பேசத் தெரியாத ஆளு, அவன் மட்டும் என் கண்ணுல பட்டான்னா..."

பா கோபினா கை தூக்கினார்.

குழாயடிக் கல்லிலிருந்து எழுந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார். குளவி ஏதோ விரட்டுகிறார் என்று நினைத்தேன். அராபா, "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். கை இறங்கவில்லை. அப்படியே நின்றபடி அவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். நான்காம் பகுதி, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்பீர்கள், கவனமாகக் கேளுங்கள் என்று. நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். பதினோரு வருஷமாக எங்களோடு கொச்சை பேசின வாயிலிருந்து கேசட்டின் குரல் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாத குரல்.

பத்துச் சொற்களையும் படித்தார். இந்த முறை ஒவ்வொன்றிலும் முதல் துண்டு கனமாக விழுந்தது. இடது கை தொடையில் தட்டியது, அழுத்தமாக ஒன்று, லேசாக ஒன்று. முடித்ததும் ஃபான்டிக்கு வந்தார்.

"இதுதாம்மா சரி. கேசட்ல இருக்கறது தப்பு. பேசினது நான்."

அராபா கையிலிருந்த மாவை அவர் மேல் எறிந்தாள். நெஞ்சில் பட்டு ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கவில்லை. குக்குவா மட்டும் அசையாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"படிச்சப்பவே தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, தப்பிக்க அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. களைப்பு என்று சொல்லியிருக்கலாம், மெஷின் மேல் போட்டிருக்கலாம். பஸ் என்று சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் நெஞ்சிலிருந்து அந்த மாவைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

மறுநாள் காலை குக்குவா நோட்டும் பென்சிலுமாக அவர் வாசலில் போய் நின்றாள். வோஃபா என்று கூப்பிடவில்லை. "முதல்லேர்ந்து படிங்க," என்றாள். படித்தார். ஒரு வாரம் காலையும் மாலையும் படித்தார், அவள் ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாக வெட்டிக் கோடு போட்டாள். ஒரு தடவைகூட உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. குக்குவா அந்த நவம்பரில் தேறினாள். இன்று அவள் போட்டிருக்கும் நர்ஸ் சீருடை நான் தைத்ததுதான். கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன்.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை அவள் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு மட்டும் சொன்னாப் போதுமா? மெதடிஸ்ட் கோயில் கூடத்துல நாப்பது பேரு அந்தக் கேசட்டைப் போட்டுப் படிச்சிட்டிருக்காங்க."

"வெளியில சொல்ல மாட்டேன்னு பைபிள் மேல கை வச்சிருக்கேன்மா. தெரிஞ்சா பல்கலைக்கழக வேலையும் போயிடும்."

"எந்தக் கைய வச்சீங்க?"

"வலது கை."

"அன்னைக்குத் தூக்காம விட்டது?"

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டை மாற்றிக்கொண்டார். நானும் மெஷினை மூடிவிட்டுக் கூடவே போனேன். அத்தனை திட்டினவள் போகாமல் இருந்தால் எப்படி?

கூடத்தில் காலை வெயில் விழுந்திருந்தது. பெஞ்சுகளில் பிள்ளைகள், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், வேலைக்குப் போகிற ஆண்கள், மேஜையில் கேசட் பிளேயர். அவரே போய் அதை நிறுத்தினார். கையைத் தூக்கினார். "அந்தக் குரல் என்னோடது. தப்பு என்னோடது," என்றார். யாரும் நம்பவில்லை, சிரித்தார்கள். முதல் சொல்லைச் சொன்னார். சிரிப்பு அப்படியே அடங்கியது. ஒருவன் பெஞ்சில் குத்தினான். ஒருவன் மேஜையிலிருந்து கேசட்டை எடுத்துச் சுவரில் எறிந்தான். பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள், பதினேழு வயது இருக்கும்.

"நானும் எங்க அக்காவும் ஒண்ணாத்தான் எழுதினோம்," என்றாள். "நான் திரும்ப எழுதறேன். அக்கா, தனக்குப் படிப்பு வராதுன்னு சொல்லிட்டு எல்லை தாண்டி அபிஜானுக்குப் பாத்திரம் கழுவப் போயிட்டா. அவளுக்கு யாரு படிச்சுக் காட்டுவா?"

கேள்வி கேட்டதும் முந்திக்கொண்டு கை தூக்கிவிட்டு, எழுப்பினால் பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளை மாதிரி, பா கோபினா தூக்கின கையோடு நின்றார். நாற்பது பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் குக்குவா முன்னால் போய், அவர் முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"ரெண்டாவது வார்த்தை," என்றாள். "படிங்க, வோஃபா."